முடியாத வியாழக்கிழமை

நாங்கள் ட்ரோம்சோவுக்குப் போன வியாழக்கிழமை, மற்ற வியாழக்கிழமைகளைப் போல அன்றைக்கே முடிந்துவிடவில்லை. ஊரெல்லாம் வெள்ளியைக் கடந்து சனிக்கு வந்த பிறகும் எங்களுக்கு அது வியாழக்கிழமையாகவே நின்றது. கடைசியில் என் மனைவி சீனியம்மாள் ஒரு தீக்குச்சியை உரசி அதை முடித்து வைத்தாள். அவள் இறந்து பல வருஷமாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் சாத்தூர்க்காரர்கள். நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். எங்கள் ஒரே மகள் வடிவைக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை அழகர்சாமி மீன்களைப் பற்றிப் படித்தவர். அந்தப் படிப்பு அவரை நார்வே நாட்டின் வடக்குக் கோடியில், கடலுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கிற ட்ரோம்சோவில் கொண்டுபோய் வைத்திருந்தது. வடிவுக்கு அங்கே பெண் குழந்தை பிறந்தது, மங்கை என்று பெயர் வைத்தார்கள், நாங்கள் போட்டோவில் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். வைகாசி பிறந்து சில நாளில் மாப்பிள்ளை என் ஆபீஸுக்குப் போன் செய்தார்.

"மாமா, வடிவு தூங்க மாட்டேங்குறா."

"கைப்பிள்ளைக்காரி எங்கே மாப்பிள்ளை தூங்குவா?"

"பிள்ளை நல்லாத் தூங்குது மாமா. இவதான் தூங்கல. இங்க இப்ப சூரியன் மறையிறதில்ல. சுத்திச் சுத்தி வருது, இறங்க மாட்டேங்குது. அது இறங்காததிலருந்து இவ கண்ணை மூடல."

சீனியம்மாளிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்து, பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவளுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. பொழுது சாயும்போது விளக்கு வைக்காமல் அவள் ஒரு நாளையும் விட்டதில்லை. விளக்கு வைத்தால்தான் அந்த நாள் முடிந்தது என்று அர்த்தம், வைக்காத நாள் கதவு சாத்தாத வீடு மாதிரி என்பாள். வியாழக்கிழமை அவளுக்கு ஒருபொழுது. விளக்கு வைத்த பிறகுதான் சாப்பாடு. விசா, டிக்கெட் எல்லாம் அலைந்து முடித்தபோது எங்களுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை விடிகாலை விமானம். வேறு நாள் கேட்கலாமா என்றேன். "பிள்ளை கண்ணை மூடாமக் கிடக்கா, நான் நாள் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்றாள்.

சென்னை விமான நிலையத்தில் அவள் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே சேலைகளுக்கு நடுவே ஒரு காமாட்சி விளக்கு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், இரண்டு கிலோ காராச்சேவு, அதற்கடியில் ஒரு பண்டல் தீப்பெட்டி. எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் சேவும் தீப்பெட்டியும்தான் கொண்டுபோவோம், விமானத்துக்கு வேறு சட்டம் என்று எனக்கும் தோன்றவில்லை.

"நெருப்புச் சாமான் போகக் கூடாதும்மா," என்றார் அங்கே நின்ற போலீஸ்காரர்.

"தீப்பெட்டி இல்லாம விளக்கு எப்படிய்யா வைக்கிறது?"

"போற ஊர்ல தீப்பெட்டி இல்லாமலா இருக்கும்?"

"இருக்கும். எங்க சாத்தூர்த் தீப்பெட்டி மாதிரி இருக்குமா?"

அவர் சிரித்துவிட்டார். "நானும் கோவில்பட்டிதான் அத்தை. உங்க ஊருப் பெட்டியில பாதிக் குச்சி பத்தாது. நல்ல காலம், இங்கயே விட்டுட்டுப் போங்க."

"கோவில்பட்டிக்காரன் வேற எப்படிப் பேசுவான்," என்று சொல்லிவிட்டு, பண்டலை அவர் கையிலேயே கொடுத்தாள். "வீட்டுக்குக் கொண்டு போங்க. பத்துதா பத்தலையான்னு உங்க வீட்டம்மா சொல்லுவாக."

விமானம் மேற்கே பறந்தது. சூரியன் எங்களோடேயே வந்தது. கடலைத் தாண்டினோம், பாலைவனத்தைத் தாண்டினோம், பெயர் தெரியாத மலைகளையும் அவற்றுக்கு நடுவே நூல்போல ஓடிய ஆறுகளையும் தாண்டினோம், ஜன்னல் பக்கம் அந்த வெளிச்சம் கூடவே ஓடிவருகிற நாய்க்குட்டியைப் போல விடாமல் வந்துகொண்டிருந்தது. சீனியம்மாள் மடியில் பஞ்சு வைத்துத் திரி உருட்டிக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, மணி என்ன?"

"எந்த ஊர் மணி?"

"நம்ம ஊர் மணிதான். வேற எந்த ஊர் மணிய வச்சு நான் என்ன செய்ய?"

"ஆறரை."

அவள் வெளியே பார்த்தாள். கொளுத்துகிற வெயில். சாப்பாட்டுத் தட்டு வந்தது, கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள். பணிப்பெண் கவலைப்பட்டு ஜூஸ் கொண்டுவந்தாள், அதற்கும் கும்பிட்டாள். ஒரு பெரிய ஊரில் இறங்கி வேறு விமானம் ஏறினோம், ஆஸ்லோவில் இறங்கி இன்னொன்று ஏறினோம், ஒவ்வொரு ஊரிலும் அவள் கண்ணாடிச் சுவரோரம் போய் நின்று பொழுது சாய்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடைசி விமானம் வடக்கே போகப் போக, கீழே பனி மலைகள் தூத்துக்குடி உப்பளத்தில் குவித்து வைத்த அம்பாரங்கள் மாதிரி வரிசையாக வந்தன. அவற்றின் மேலும் வெயில்.

மாப்பிள்ளை காரோடு வந்திருந்தார். அங்கே அப்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது, ஆனால் வெயில் நம் ஊரில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்து வெயில். விமான நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் போனதும் கார் ஒரு மலைக்குள் நுழைந்தது. தீவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக மலையைக் குடைந்து சாலை போட்டிருக்கிறார்கள். உள்ளே நல்ல இருட்டு, வரிசையாக மஞ்சள் விளக்குகள். சீனியம்மாள் சடக்கென்று நிமிர்ந்தாள்.

"மாப்பிள்ளை, வண்டிய ஓரமா நிறுத்துங்க. இருட்டிருச்சு. ஒரு நிமிஷம் விளக்கு வச்சிருறேன்."

"அத்தை, இது சுரங்கம்."

"இருட்டு இருட்டுதானே?"

அவர் பதில் சொல்வதற்குள் கார் வளைந்து திரும்பியது. மலையின் வயிற்றுக்குள் ஒரு ரவுண்டானா இருந்தது. சாத்தூரில் பஸ் ஸ்டாண்டு முன்னால் இல்லாத ரவுண்டானா அங்கே பாறைக்குள் இருந்தது. அவள் விளக்கை மறந்து வாயைப் பிளந்து பார்த்தாள். "குடைஞ்சது சரி மாப்பிள்ளை, உள்ள ரவுண்டானா எதுக்கு? எதிர்த்தாப்புல மலை வருமா?" என்று கேட்டு முடிக்கையில் மறுபக்கம் வெளியே வந்துவிட்டோம், பழைய வெயில் காத்திருந்தது.

நகரத்தைப் பார்த்தேன். கடலின் மேல் முதுகை வளைத்துக்கொண்டு நீண்ட பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளை அட்டைகளை மடித்து நிறுத்தியது மாதிரி ஒரு தேவாலயம், மஞ்சளும் சிவப்புமாக மரவீடுகள், ஜன்னல் விளிம்புகளில் கூடு கட்டிக் கத்துகிற கடல் பறவைகள். மனிதர்கள் வீட்டுப் படிகளில் கண்ணை மூடி முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்து, பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் காரை விட்டு இறங்கி ரோட்டோரம் நின்று நாங்கள் பெட்டியைச் சரி செய்துகொண்டிருந்தோம், வந்த பஸ் ஒன்று எங்களுக்காக நின்றுவிட்டது. நாங்கள் ரோட்டைக் கடக்க வேண்டியதே இல்லை. ஆனால் அது நின்றது நின்றபடி காத்திருந்தது. "நமக்காக நிக்கிறான், போகாட்டி நல்லாயிருக்காது," என்று சீனியம்மாள் என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். திரும்பி வர நின்றோம், எதிரே வந்த லாரி நின்றது. அதற்கும் மரியாதை செய்து இந்தப் பக்கம் வந்தோம். அந்த ஊர் மேல் எனக்கு அன்றைக்கே ஒரு பிரியம் வந்துவிட்டது.

வடிவு கதவைத் திறந்தாள். "வாங்கம்மா, வாங்கப்பா" என்றாள், சத்தம் வந்தது, அவள் வரவில்லை. கண்கள் சிவந்து, இமைகள் எப்படி மூடுவது என்பதையே மறந்துவிட்ட மாதிரி திறந்து கிடந்தன. குழந்தை எங்கே என்று கேட்டோம். வெளியே முற்றத்தில் குழந்தை வண்டியில் போட்டிருந்தார்கள், அந்த ஊரில் பிள்ளைகளைத் திறந்த வெளியில்தான் தூங்க வைப்பார்களாம். மங்கை குளிருக்குப் போர்த்தி, வெயிலைப் பற்றிக் கவலையில்லாமல் உறங்கிக்கொண்டிருந்தாள்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டிருந்தார்கள். இழுத்துவிட்டால் அறை இருட்டாகத்தான் இருந்தது. "திரைக்குப் பின்னாடி அது நிக்குதும்மா," என்றாள் வடிவு. "நான் எப்பக் கண்ணை மூடுவேன்னு பாத்துக்கிட்டே நிக்குது."

டாக்டர் திங்கட்கிழமை வரை பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். அதற்குள் தூங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்து கொடுத்துத் தூங்க வைக்க வேண்டும், பிள்ளையைப் பிரிக்க வேண்டும், பாலை நிறுத்த வேண்டும். மாப்பிள்ளை இதை எங்களிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னார். சீனியம்மாள் விளக்கை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, ஜன்னல் மேடையில் வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, பொழுது சாயட்டும் என்று பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

பொழுது சாயவில்லை. சூரியன் மலை உச்சிகளைத் தொட்டுத் தொட்டு ஊரைச் சுற்றியது. கேலண்டரில் வெள்ளி வந்தது. "அத்தை, வெள்ளிக்கிழமை ஆயிருச்சு, சாப்பிடுங்க," என்றார் மாப்பிள்ளை. "எப்ப ஆச்சு? வியாழக்கிழமையே இன்னும் முடியல," என்றாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். நான் கெஞ்சினேன், கோபித்தேன். கடிகாரத்தைப் பார்த்து வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "கடிகாரத்தப் பாத்து விளக்குப் போடுறது கரண்ட் ஆபீஸ்காரன் வேலை," என்றாள். அம்மா பட்டினியாக உட்கார்ந்திருப்பதை வடிவு வாசல்படியில் நின்று நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேர் விழித்திருந்தார்கள், ஒருத்தி ராத்திரிக்குப் பயந்து அல்ல, ராத்திரி இல்லாததற்குப் பயந்து. இன்னொருத்தி அது வரும் என்று நம்பி.

சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்திலிருந்து மங்கையை எடுத்து வந்து பால் கொடுக்க வடிவின் மடியில் வைத்தேன். அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, "இது யார் வீட்டுப் பிள்ளைங்க?" என்று கேட்டாள்.

சீனியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"ராத்திரி தானா வராது போலருக்கு," என்றாள். "கூப்பிட்டாத்தான் வரும்."

வீட்டில் தீப்பெட்டி இல்லை. மின்சார அடுப்பு, சிகரெட் பிடிப்பவர்களும் இல்லை. மாப்பிள்ளை கீழ்வீட்டுக்கு ஓடினார். அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவி குன்வோர் என்ற அம்மாள் அங்கே இருந்தாள், ஆறடி உயரம், நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருப்பாள். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவளே மேலே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். "பாத்தீகளா, நம்மாளுகதான்," என்றாள் சீனியம்மாள் என்னிடம். மாப்பிள்ளை ஏதோ கேட்க, குன்வோர் ஆமாம் என்று பதில் சொன்னாள். அந்த ஊர்க்காரர்கள் ஆமாம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்வார்கள். சீனியம்மாள் முகம் மாறியது. "அந்தம்மாவுக்கு இழுப்பு இருக்கு போலருக்கே. மாடிப்படி ஏற வச்சுட்டீகளே மாப்பிள்ளை. சுக்குத் தட்டிப் போட்டுத் தரவா?"

பிறகு வாசல் கதவை அகலத் திறந்து வைத்தாள். "விளக்கு வைக்கட்டுமா?" என்று வீட்டைப் பார்த்துக் கேட்டாள், எங்கள் வீட்டிலும் தினமும் கேட்பாள், படுத்திருக்கிறவர்கள் எழுந்து உட்காரட்டும் என்று. வடிவு குழந்தையோடு எழுந்து நின்று, "வைம்மா" என்றாள்.

குச்சியை உரசினாள். திரி பிடித்தது. பொழுது சாய ஆரம்பித்தது.

முதலில் முற்றத்தில் குழந்தை வண்டிக்கு அடியில் இருந்த நிழல் கனத்து, கசிந்து, புல்மேல் பரவியது. பிறகு சுவர்கள் பழுப்பாகி, மாடுகள் வீடு திரும்புகிற நேரத்து நிறம் தெருவுக்கு வந்தது. ஜன்னல் விளிம்புகளில் ஓயாமல் கத்திய பறவைகள் ஒவ்வொன்றாகக் கழுத்தை இழுத்துக்கொண்டன. மே மாதத்திலிருந்து வேலையில்லாமல் நின்ற தெருவிளக்குகள் தாமாக எரிந்தன. கட்டடத்திலிருந்து தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் சாயங்காலம் வந்து, இருட்டாகி, இரண்டு மூன்று நட்சத்திரமும் தெரிந்தது. தபால்பெட்டிக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல வெயில். நாயோடு நடந்து வந்த ஒருவர் வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்தார், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார், மறுபக்கம் வெயிலுக்குள் போய்விட்டார். நாய் மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தது.

வடிவு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். "அம்மா, பொழுது சாஞ்சிருச்சு," என்றாள். "நான் கொஞ்சம் சாயட்டுமா?" குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, சமையலறைப் பெஞ்சிலேயே சரிந்தாள். சீனியம்மாள் அவள் தலைக்குத் தன் மடியைக் கொடுத்துவிட்டு, ஒரு கையால் சோறு வாங்கி, ஒரு கையால் சாப்பிட்டாள். வியாழக்கிழமை முடிந்தது. குன்வோர் தீப்பெட்டியை மேடையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.

எண்ணெய் தீரும்வரை இருட்டு இருந்தது, விளக்கு மலையேறியதும் வெளிச்சம் வந்தது. வடிவு அதற்குப் பிறகும் தூங்கினாள்.

அடுத்த நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் பயந்துகொண்டிருந்தேன், போலீஸ் வரும், பத்திரிகைக்காரர் வருவார், விஞ்ஞானி கருவியோடு வருவார் என்று. அப்படி யாரும் வரவில்லை. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள். அதற்காக அந்த ஊருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மடக்கு நாற்காலியும் பிளாஸ்கில் காப்பியுமாக வந்து முற்றத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி வேலை முடிந்து நேராக வந்து, முதுகைச் சுவரில் சாய்த்து உறங்கிவிட்டுப் போவாள். மழலைப் பள்ளி ஆசிரியை பிள்ளைகளைக் கூட்டி வந்து, "இதுதான் நட்சத்திரம், மறந்திருப்பீர்கள்" என்று காட்டினாள். காதலர்கள் தபால்பெட்டிக்கு இந்தப் பக்கம், இருட்டின் ஓரமாக நின்றார்கள். சீனியம்மாள் அவர்களுக்கெல்லாம் காராச்சேவு கொடுத்தாள், அவர்கள் கண்ணில் நீர் வரத் தின்றுவிட்டு நன்றி சொன்னார்கள். திங்கட்கிழமை டாக்டர் வந்து வடிவைப் பார்த்தார், ஒரு மாதம் தடையில்லாமல் இப்படித் தூங்கினால் மருந்து தேவைப்படாது என்றார். "ஒரு நாள் விட்டுப்போனாலும் பழையபடி ஆகலாம், கவனம்," என்றும் சொன்னார்.

எதிர்ப்பு ஒரே ஒருவரிடமிருந்துதான் வந்தது. முற்றத்துக்கு எதிரே சிவப்பு மரவீட்டில் ஓட்வார் என்ற வயதானவர் தனியாக இருந்தார், மீன்பிடிக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். கோடை முழுக்க ஏணியில் நின்று வீட்டுக்குச் சாயம் அடிப்பது அவர் வேலை. ஒரு சுவரை முடிக்கும்போது இன்னொரு சுவர் வெளுத்திருக்கும். சீனியம்மாளின் இருட்டு சரியாக அவர் ஏணி நிற்கிற பக்கத்தில் விழுந்தது.

குன்வோர் கூட்டம் போட்டாள். கட்டடத்தின் கீழறையில் காப்பி, வாஃபிள் என்று ஒரு இனிப்பு ரொட்டி, அதற்கு ஜாம். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஓட்வார் எழுந்தார். மாப்பிள்ளை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"குளிர்காலத்தில் இங்கே இரண்டு மாதம் சூரியனே கிடையாது," என்றார் ஓட்வார். "அந்த இருட்டை நாங்கள் இந்த வெளிச்சத்தை நினைத்துக்கொண்டுதான் கடக்கிறோம். எனக்கு இன்னும் எத்தனை கோடை இருக்கும்? அதில் தினமும் ஒரு சாயங்காலத்தை இந்த அம்மாள் எடுத்துக்கொள்கிறார்."

குன்வோர் காப்பியைக் கலக்கினாள். சீனியம்மாள் சொன்னாள், "அவரு சொல்றது நியாயந்தான மாப்பிள்ளை. அவரு வெயில நாம கேக்காம எடுத்தோம்." அவள் அடுத்ததாக என்ன சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. வடிவு தூங்கத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளை அதை மொழிபெயர்த்தார். ஓட்வார் தலையை ஆட்டினார். "நிறுத்தச் சொல்லவில்லை," என்றார். "ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்கிறேன்." உட்கார்ந்து இன்னொரு வாஃபிள் எடுத்துக்கொண்டார். கூட்டம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் சீனியம்மாள் சமையலறை ஜன்னலைத் திறந்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஏணியில் நிற்பவரைப் பார்த்து, "வைக்கட்டுமா?" என்று தமிழில் சத்தமாகக் கேட்பாள். அவர் தூரிகையைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், தலையாட்டுவார். சில நாள் தூரிகையை உயர்த்திக் காட்டுவார், இன்னும் ஒரு பலகை பாக்கி என்று அர்த்தம். அவள் காத்திருப்பாள். "அந்தப் பலகைய நாளைக்கு அடிச்சா வீடு ஓடிப்போயிருமா?" என்று முணுமுணுப்பாள், ஆனால் அவர் தலையாட்டாமல் ஒருநாளும் குச்சியை உரசியதில்லை. இப்படியே நாட்கள் போயின. வடிவுக்கு முகம் தெளிந்தது. ஆனாலும் அவள் எங்களோடு இருந்தும் கொஞ்சம் தள்ளியே இருந்தாள். தூங்கினாள், பால் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்ன மாதம் முடிகிற சமயத்தில் சீனியம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர்ந்த காற்றில் ஜன்னலைத் திறந்து திறந்து நின்றதாலோ என்னவோ, கம்பளிக்குள் கிடந்து நடுங்கினாள், எழுந்து நிற்க முடியவில்லை. மாப்பிள்ளை ஆராய்ச்சிக் கப்பலில் கடலுக்குப் போயிருந்தார். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. நானே எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, குச்சியை உரசினேன்.

விளக்கு எரிந்தது. நன்றாகவே எரிந்தது. பொழுது சாயவில்லை.

திரியைத் தூண்டினேன். அணைத்துவிட்டு மறுபடி வைத்தேன். முற்றத்தில் காப்பியோடு உட்கார்ந்திருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். வண்டியின் நிழல் வண்டிக்கு அடியிலேயே கிடந்தது. எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது. வடிவு என் பின்னால் குழந்தையோடு நின்றாள். அவளுடைய இமைகள் பழையபடி அகலத் திறப்பதை ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன்.

"அது போகலப்பா," என்றாள். "நிக்குது."

அப்போது மாடிப்படியில் மெதுவாக யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. ஓட்வார் வாசலில் நின்றார். ஜன்னலிலிருந்து யாரும் கேட்காததால் அவர் ஏணியில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றினார். சாயம் பட்ட காலுறையோடு உள்ளே வந்து, என்னைப் பார்த்தார், எரிகிற விளக்கைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார். விளக்கை ஊதாமல், விரல் நுனியால் திரியைத் தாழ்த்தி அணைத்தார், சீனியம்மாள் சில நாள் அப்படி அணைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நெட்டை உடம்பை வளைத்துக் குனிந்து நின்று, காய்ச்சலில் கிடந்தவளிடம், ஒவ்வொரு எழுத்தாக, தமிழில் கேட்டார்:

"வைக்கட்டுமா?"

சீனியம்மாள் கண்ணைத் திறந்தாள். சிவப்புச் சாயம் படிந்த அந்தக் கையையும் தீப்பெட்டியையும் பார்த்தாள்.

"வைங்கண்ணே," என்றாள்.

அவர் திரும்பி வந்து குச்சியை உரசினார். திரி பிடித்தது. சுடரைக் கையால் மறைத்தபடி குனிந்தே நின்றார். முற்றத்தில் நிழல் கனத்தது, கசிந்தது, புல்லில் இறங்கியது. அவருடைய சிவப்புச் சுவர் பழுப்பாகி, ஏணி மறைந்து, மேலே ஒரு நட்சத்திரம் வந்தது. தன் வீட்டை இருட்டு மூடுவதை ஓட்வார் ஜன்னலோரம் நின்று கடைசிவரை பார்த்தார். பிறகு சீனியம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் காப்பி போட அடுப்புப் பக்கம் போனேன். காப்பியோடு திரும்பும்போது பெஞ்சில் வடிவும் நாற்காலியில் ஓட்வாரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வாய் திறந்திருந்தது, குறட்டை மூச்சை உள்ளிழுத்து ஆமாம் ஆமாம் என்று யாரோடோ ஒத்துப்போவது மாதிரி இருந்தது. நான் மங்கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு காப்பியையும் நானே குடித்தேன்.

விளக்கு மலையேறி நெடுநேரம் கழித்து, பாத்திரச் சத்தம் கேட்டு விழித்தேன். வடிவு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு மிளகு தட்டிக்கொண்டிருந்தாள். தலையை முடிந்திருந்தாள். நாற்காலியில் உறங்குகிறவர் மேல் அவளுடைய சால்வை கிடந்தது. என் மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து முகர்ந்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு இப்பிடிக் கொதிக்குதே," என்றாள். "என்னை எழுப்புறதுக்கென்ன?"

கஷாயத் தம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போனாள்.